காகங்களுக்கு மட்டும் சொன்னது

மயிலாம்புதூர்க் காகங்கள் பேசத் தொடங்கியதை முதலில் கேட்டவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் நஞ்சம்மாள். பிள்ளைகள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு அவள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுக்கு இறங்கும் காகங்கள் அன்றைக்கு இறங்காமல், ஒன்றையொன்று கொத்தாமல், மதில்மேல் வரிசையாக உட்கார்ந்தன. அதில் கழுத்து வெளுத்த ஒன்று தலையைச் சாய்த்து அவளைப் பார்த்து, "கதவ யாரு பூட்டுனது?" என்று கேட்டது.

நஞ்சம்மாள் திடுக்கிடவில்லை. மகள் போனதிலிருந்து அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்பார்கள் என்றுதான் அவள் காத்திருந்தாள். போலீஸ்காரர் கேட்பார் என்று ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தாசில்தார் கேட்பார் என்று அவர் ஜீப்புக்கு முன்னால் நின்றாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்பார்கள் என்று தலையை வாரி நல்ல சேலை கட்டி நின்றாள். யாரும் கேட்கவில்லை, காகம் கேட்டது. அவள் கையில் இருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டுவிட்டு, "அப்படிக் கேளு சாமி," என்றாள்.

நடந்தது ஊருக்கே தெரியும். மயிலாம்புதூரில் ஆகாயத்தையும் வெயிலையும் தவிர மற்றதெல்லாம் ரத்தினசபாபதியுடையது. நூல் மில் அவருடையது, மில்லுக்கு எதிரே இருக்கிற கல்லூரி அவருடையது, வீட்டுக்கு வீடு படம் காட்டுகிற கேபிள் அவருடையது, மாவட்டப் பத்திரிகையைப் பிரித்தால் முதலில் தெரிகிற பெரிய விளம்பரமும் அவருடையது. அந்த மில்லில் காய்ச்சலோடு வேலை பார்த்த ஒரு பெண் ஊருக்குப் போக லீவு கேட்டாள், கொடுக்கவில்லை. அவளும் அவளோடு விடுதியில் இருந்த இரண்டு பேரும், உள்ளூர்க்காரியான நஞ்சம்மாளின் மகள் மேகலாவும், லீவு கொடுத்தால்தான் மெஷினுக்குப் போவோம் என்று கழிவுப் பஞ்சுக் கிடங்கில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ரத்தினசபாபதி, பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல் கிடங்கு வாசல்வரை வந்தார். "உக்காரட்டும், நல்லா உக்காரட்டும், புத்தி வரட்டும்," என்று சொல்லித் தன் கையாலேயே இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

உச்சிவெயிலில் பஞ்சு தீப்பிடித்துக்கொண்டது. இரும்புக் கதவை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டது. ஆட்கள் கடப்பாரையால் இடித்தார்கள், புதுக் கதவு, அசையவில்லை. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். போன் உதவியாளரிடம் இருந்தது. முதலாளி மேடையில் இருந்தார், நேரலை ஓடிக்கொண்டிருந்தது, கேமராவுக்கு நடுவில் போய் எப்படிக் கூப்பிடுவது என்று உதவியாளர் தயங்கினார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றவர்கள் டிவியில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதையும் பார்த்தார்கள், திரும்பி மில்லுக்கு மேலே எழும் புகையையும் பார்த்தார்கள். தட்டும் சத்தம் எந்த நேரத்தில் நின்றது என்று அவர்களால் சொல்ல முடியாது, டிவியில் அப்போது கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பேப்பரில், உள்பக்கத்தில், 'மில்லில் தீ: பஞ்சு நாசம்' என்று வந்தது. வெளியூர்ப் பெண்களைப் பெற்றவர்கள் கார் வைத்து வரவழைக்கப்பட்டு, ஒரு அறையில் வைத்துப் பேசி முடிக்கப்பட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அதே காரில் திரும்பிப் போனார்கள். நஞ்சம்மாளிடம், உன் மகள் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று சொன்னார்கள். சாம்பல் கேட்டாள். பஞ்சுச் சாம்பல்தான் இருக்கிறது என்றார்கள்.

ஆகவே காகங்கள் கேட்டன. பள்ளிக்கூட மதிலில் ஒன்று கேட்டது, பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டு கூரையில், தண்ணீர்த் தொட்டியில், கோயில் கோபுரத்தில், கல்லூரி மொட்டைமாடியில், ஊரிலுள்ள அத்தனை காகமும் கேட்டன. கரைகிற குரலில், கரைகிற அவசரத்தில், ஆனால் ஒரு எழுத்தும் பிசகாமல், கதவ யாரு பூட்டுனது, கதவ யாரு பூட்டுனது என்று விடிந்ததிலிருந்து அடைகிறவரைக்கும் கேட்டன. ரத்தினசபாபதியின் காரின் மேலேகூட ஒன்று உட்கார்ந்து கேட்டது; டிரைவர் துண்டை வீசி அதை விரட்டிவிட்டு, எச்சத்தை மட்டும் துடைத்தார்.

ஊரில் மிகவும் சந்தோஷப்பட்டவன் சம்பத். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, மாவட்டப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி அனுப்புகிறவன் அவன். தீப்பிடித்த அன்று நான்கு பெண்களின் பெயரையும் எழுதி அனுப்பியவன் அவன்தான். அச்சில் பஞ்சு மட்டும் வந்தது. இப்போது நஞ்சம்மாள் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அக்கா, இனி மறைக்க முடியாதுங்க்கா. மனுசன் சொன்னா மறைக்கலாம். ஆகாசத்துல பறக்கறது சொல்லுது. எங்க பத்திரிகை ஆசிரியரையே கூட்டியாந்து கேக்க வைக்கிறேன்."

"கூட்டியா சாமி," என்றாள் நஞ்சம்மாள். "நான் அவருக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறேன்."

ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர், படித்தவர். நஞ்சம்மாள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முருங்கை மரத்தில் இருந்த காகம் கேட்டதை முழுதாகக் கேட்டார். கண்கூடக் கலங்கியது. கோழிக் குழம்பை ரசித்துச் சாப்பிட்டார், கை கழுவினார், சம்பத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செய்தின்னா யாராவது தெரிவிக்கணும் சம்பத். போலீசார் தெரிவித்தனர்னு போடலாம், அதிகாரிகள் தெரிவித்தனர்னு போடலாம். காகங்கள் தெரிவித்தனன்னு எப்படிப்பா போடறது?"

"அதுக தெரிவிக்கலீங் சார், கேக்குது. கேக்குதுன்னே போடலாமுங்களே."

"கேட்டா மட்டும் செய்தியாயிடுமா? பதில் வேணுமில்ல?" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் காரில் ஏறினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், மயிலாம்புதூர்ப் பகுதிக் காகங்களுக்கு விநோதத் தொண்டை நோய் என்று வண்ணப்படத்தோடு ஒரு கட்டுரை வந்தது. டிவிக்காரர்களும் வந்தார்கள், படமும் பிடித்தார்கள்; ஒளிபரப்பும்போது காகங்களின் அலகு அசைந்தது, குரலுக்குப் பதிலாகப் புல்லாங்குழல் ஒலித்தது. பறவைகளின் மேல் தனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் பிரியத்தைப் பற்றி ரத்தினசபாபதி அதில் பேட்டி கொடுத்தார், கோடையில் மொட்டைமாடியில் தண்ணீர் வையுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டார்.

எதற்குத்தான் ஊர் பழகாது? டீக்கடைகளில் பாட்டைக் கூட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சன்னல் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகளை உள்பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள், காகத்துக்கு யாரும் பதில் பேசக்கூடாது என்று பிரேயரில் சொன்னார்கள். கல்யாணம் வைத்தவர்கள் பந்தலுக்கு வெளியே பட்டாசோடு ஒரு ஆளை நிறுத்தினார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், அது என்னங்க கேட்குது என்று கேட்டால், இந்த ஊர்க் காக்கா அப்படித்தானுங்க, தண்ணி அப்படி என்று சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் அந்தச் சத்தம் மில் சங்கு மாதிரி, மாவு அரைக்கிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

பழக முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். காகங்கள் குப்பையில் கிடந்ததைத் தின்றன, செத்த எலியைத் தின்றன, மனிதர் கையால் வைத்த சோற்றை மட்டும் தொடவில்லை. அமாவாசைக்குப் படையல் போட்டு, வடை பாயசத்தோடு இலையைக் கொண்டுபோய் மாடியில் வைத்துக் கா கா என்று கூப்பிட்டால் வரும், இலைக்கு முன்னால் நிற்கும், "கதவ யாரு பூட்டுனது?" என்று கேட்கும். கூப்பிட்டவர் பேசாமல் நிற்பார். அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பறந்துபோகும். செத்தவர்கள் சாப்பிடாமல் உயிரோடு இருப்பவர்கள் எப்படிச் சாப்பிடுவது? சோறு ஆறி, பிள்ளைகள் பசித்து அழுது, புருசனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பழனிப் பக்கத்திலிருந்து ஒருவன் கூண்டில் வெளியூர்க் காகங்களை ஆட்டோவில் வைத்து அமாவாசைக்கு அமாவாசை கொண்டுவந்தான். தெருவே வரிசையில் நின்று வாடகைக்கு வாங்கிப்போனது. ஆனால் மயிலாம்புதூர்த் தண்ணீரைக் குடித்த மறுநிமிடம் அவையும் கேட்டன.

வழியைக் கண்டுபிடித்தவன் மில் வாட்ச்மேன் ஒண்டிமுத்து. அவன் அப்பாவுக்குத் திதி வந்தது. உயிரோடு இருந்தபோது பசி தாங்காத மனிதர் அவர். காகம் வந்து நின்று கேட்டதும் ஒண்டிமுத்துவுக்கு அப்பாவே வந்து நிற்கிறது போல் இருந்தது. மாடியில் யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மண்டிபோட்டு, அதன் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான்.

"மொதலாளிதானுங்கப்பா பூட்டுனாரு. எங் கண்ணு முன்னால. சாவியச் சட்டப் பையில போட்டுட்டுப் போயிட்டாரு. நான் பாத்துட்டு நின்னனுங்கப்பா."

காகம் அவனை ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது. பிறகு குனிந்து சோற்றைத் தின்றது. தின்று முடித்து, அலகை ஓட்டில் தீட்டிவிட்டு, "கா" என்றது.

ஒண்டிமுத்து பெண்டாட்டியிடம் சொன்னான், அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள். அடுத்த அமாவாசையன்று மயிலாம்புதூர் மாடிகளிலும் கொல்லைகளிலும் ஊரே மண்டிபோட்டது. கடப்பாரையால் இடித்தவன் சொன்னான். போன் போட்ட மேனேஜர் சொன்னார். பாட்டைக் கூட்டி வைத்த டீக்கடைக்காரர் சொன்னார், பிரேயரில் தடை போட்ட தலைமையாசிரியர் சொன்னார், ஓடிப்போனவள் என்று எழுதிக்கொடுத்த ஏட்டு சொன்னார். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. மேகலா கடைசியில் அம்மா என்று கத்தவில்லை, தண்ணி என்று கத்தினாள் என்பதுகூடச் சிலருக்குத் தெரிந்திருந்தது. சொன்னவர்கள் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது, நெடுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள். பதில் கிடைத்த காகங்கள் அதன் பிறகு கேட்கவில்லை.

மாடி மாடியாக ஊர் முணுமுணுத்ததைத் தன் வாசலில் நின்று கேட்ட நஞ்சம்மாளுக்கு, இத்தனை பேரா, இத்தனை வாயா என்று நெஞ்சு விம்மியது. மறுநாள் வேலைக்குப் போகாமல் வீடு வீடாகப் போனாள். முதலில் ஒண்டிமுத்து வீட்டுக்குப் போனாள்.

"ஏனப்பா, நீ காக்காகிட்டச் சொன்னியே, அதையே கலெக்டர்கிட்ட வந்து சொல்லு. வேறெதும் வேண்டாம். நான் உங்கூட நிக்கறேன்."

ஒண்டிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டிதான் பேசினாள்.

"நாங்க என்னத்தச் சொன்னோமுங்க்கா? சாமி கும்பிட்டோம். எம் புள்ள அவங்க காலேஜுலதான் படிக்குது. தெரியுமில்ல உங்களுக்கு?"

அடுத்த வீட்டில் காபி கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தலைமையாசிரியர் அவளை உட்காரச் சொல்லி, நாளைக்கு வேலைக்கு வந்துவிடுங்கள், சத்துணவு என்றாலும் அரசாங்க வேலை, லீவு சொல்லாமல் நிற்கக்கூடாது என்றார். எல்லோரும் அவளிடம் முன்னைவிட அன்பாக இருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டவர்களின் அன்பு அது, இனி அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே அவள் தன் வீட்டுக் காகத்துக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள். வெள்ளைக் கழுத்துக் காகம் அது, மதிலில் முதல் முதலாகக் கேட்டதும் அதுதான். இப்போது அவள் வீட்டு முருங்கை மரத்திலேயே அடைந்தது. காலையில் சோறு வைப்பாள், அது கேட்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மேகலாவுக்குத் திதி கொடுக்கும் நாள் வந்தபோதும் அப்படித்தான் நின்றாள். காகத்துக்குள்ளே மகள் பசியோடு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது, ஒரு வார்த்தை சொன்னால் தின்னும், சொன்னால் கேள்வி போய்விடும். "பொறுத்துக்க கண்ணு," என்று சொல்லிவிட்டு, சோற்றை வழித்துத் தண்ணீரில் போட்டாள்.

தேர்தல் வந்தது. ரத்தினசபாபதி நின்றார். ஊர்க் காகங்களெல்லாம் கா கா என்று கரைந்துகொண்டிருக்க, ஒரே ஒரு முருங்கை மரத்திலிருந்து மட்டும் அந்தக் கேள்வி வந்தது. நூறு குரல்களில் மறைந்திருந்தது இப்போது ஒற்றைக் குரலாகத் தெருமுனைவரை தெளிவாகக் கேட்டது. அக்கம்பக்கத்தார் வந்து சொன்னார்கள்: ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடு, மகளுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. கட்சிக்காரர்கள் வந்து மரத்தை வெட்டுவதாகச் சொன்னார்கள். வெட்டினால் கூரை ஓட்டில் உட்காரும், ஓட்டைப் பிரித்தால் என் தோளில் உட்காரும் என்றாள் அவள்.

அதற்குள் சம்பத்தை மில்லுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்தக் காகத்தையும் அந்தப் பொம்பளையையும் சேர்த்து வேறு ஏற்பாடு செய்யவேண்டி வரும் என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சம்பத் திரும்பி வந்து ஸ்டூடியோவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருட்டறைக்குள் உட்கார்ந்திருந்தான். மறுநாள் நஞ்சம்மாள் பள்ளிக்கூடத்தில் உலை வைத்திருந்த நேரத்தில் அவள் வீட்டுப் படலைத் திறந்து உள்ளே போனான்.

முருங்கை மரத்தடியில் நின்றான். காகம் கேட்டது. அவன் சொன்னான். ஆசிரியருக்கு அனுப்பி வராமல் போன செய்தியை, ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு ஊராக, எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல், யார் லீவை மறுத்தது, கதவு எந்தக் கையால் சாத்தப்பட்டது, சாவி எந்தப் பையில் கிடந்தது, பொன்னாடை போர்த்தியபோது அந்தப் பைமேல் யார் கை பட்டது, யார் இடித்தார்கள், யார் வேடிக்கை பார்த்தார்கள், யார் பஞ்சு என்று திருத்தினார்கள் என்று, எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல், நின்ற இடத்திலேயே நின்று சொன்னான். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல செய்தி அவன் கொடுத்ததில்லை. காகம் கிளையைவிட்டு இறங்கி, கடைசிச் சொல்வரை அசையாமல் கேட்டது.

நஞ்சம்மாள் வேலை முடிந்து வந்தபோது படல் திறந்திருந்தது. காலையில் அவள் வைத்துவிட்டுப் போன சோற்றைக் காகம் தின்றுகொண்டிருந்தது. சம்பத் சுவரோரம் குந்தி அழுதுகொண்டிருந்தான்.

அவள் காகத்தைப் பார்த்தாள். அது நிமிர்ந்து, "கா" என்றது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேனுங்க்கா," என்றான் சம்பத். "ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். அவங்க உங்கள என்னமோ பண்ணிப்போடுவாங்கன்னு... ஆனா ஒண்ணுகூட மறைக்கலீங்க்கா. பேரு, ஊரு, எல்லாமே."

"யாருகிட்டச் சொன்னே?" என்று கேட்டாள் நஞ்சம்மாள்.

காகம் மிச்சச் சோற்றையும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பறந்து, மில் பக்கமாகப் போய், மற்றக் காகங்களோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு கழுத்து வெளுப்பை வைத்துக்கூட அது எதுவென்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ரத்தினசபாபதி ஜெயித்தார். பேப்பரில் முதல் பக்கம் முழுக்க அவர் படம் வந்தது. மறுபக்கத்தில், தொண்டை நோய் நீங்கி மயிலாம்புதூர்க் காகங்கள் நலம் என்று ஒரு சின்னச் செய்தி இருந்தது. அதற்குச் சம்பத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

ஊர்வலம் போன அன்று, பட்டாசுக் காகிதம் மூடிக் கிடந்த மில் ரோட்டில் நஞ்சம்மாள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். எதிரே மில் வேன் வந்தது. தெற்கேயிருந்து புதிதாகப் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள், மேகலா வயசுதான் இருக்கும், தலையில் பூவோடும் மடியில் பையோடும் சன்னலோரம் நெருக்கியடித்து உட்கார்ந்து, கல்லூரியையும் கோபுரத்தையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். நஞ்சம்மாள் திரும்பி வேனோடு ஓடினாள். செருப்பு கழன்றது, நிற்காமல் ஓடினாள். "கண்ணுகளா, கதவு... அந்தக் கதவ..." என்று தொண்டை கிழியக் கத்தினாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கை நீட்டிப் பாட்டைக் கூட்டி வைத்தான்.

யாரோ ஒரு அம்மா தங்களை வரவேற்கத்தான் இப்படிக் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறாள் என்று நினைத்து, பெண்களும் சிரித்துக்கொண்டே சன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள்.